கறுப்பு அடித்த பட்டறை

அத்தியாயம் 11

மூடிக் கிடக்கும் பேக்கரியைத் தாண்டியதுமே பெயின்ட் வாசனை வந்தது. யார் வீட்டு கேட்டுக்கோ அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள் வீணா. கையில் மல்லிகைச் சரம் சுற்றிய வாழையிலைப் பொட்டலம் இருந்தது.

பட்டறையை நெருங்க நெருங்க வாசனை கூடியது. அவள் நடை குறைந்தது.

அவளுக்கு இப்படி ஒரு பழக்கம். கெட்டது ஒன்று நடந்திருக்கிறது என்று மனசுக்குப் பட்டுவிட்டால், அதைப் பார்ப்பதற்கு முந்தைய கொஞ்ச நேரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசர் அவள். ஒரு பண்டல் சட்டை முழுக்கக் காலர் கோணலாக வந்திருக்கிறது என்று யாராவது ஓடிவந்து சொன்னால்கூட, முதலில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் பண்டலைப் பிரிப்பாள்.

இன்றைக்கு அதற்கும் வழியில்லை. குனிந்து பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை. அப்படித்தான் முதலில் தோன்றியது. சுவர் இருக்கவேண்டிய இடத்தில் சுவரைக் காணோம். உள்ளே போன வெளிச்சம் திரும்பி வரவில்லை. கண் பழகிய பிறகுதான் புரிந்தது. நாலு சுவரும், பின்பக்கக் கதவும், ஜன்னல் கண்ணாடியும்கூட, எல்லாமே கறுப்பு. துளி பளபளப்பு இல்லாத, அடுப்புக்கரி மாதிரியான கறுப்பு.

இன்னும் கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுச் சந்திரம்மா தன் மகளை வளைகாப்புக்கு இங்கேதான் கூட்டிக்கொண்டு வரப்போகிறாள்.

வீணா பூப்பொட்டலத்தைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துக்கொண்டாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இந்தப் பட்டறையால்தான் இரண்டு மாதமாக அவள் வீட்டில் சாப்பாட்டு நேரம்கூட வாய்ச்சண்டையில் முடிகிறது. லேத் மெஷின்களை விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. இடம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. அண்ணன் ரங்கநாதன், வேலைக்குப் போகிற பிள்ளைகள் தங்கும் பி.ஜி. ஹாஸ்டல் கட்டும் ஒரு பில்டருக்கு இதைக் கொடுத்துவிடலாம் என்கிறார். தம்பி ராஜேந்திரன், அதாவது வீணாவின் கணவர், அண்ணன் சொன்னால் சரி என்கிறார். வீணாவின் மகள் தாரணிதான் குறுக்கே நின்றாள். நாடகம் போட, பாட, ஆட, பிள்ளைகளுக்கு ஏதாவது கற்றுக்கொடுக்க இந்த அடுகோடிப் பகுதியில் ஓர் இடம் வேண்டும் என்றாள். பட்டறைகள் மூடியதிலிருந்து இந்தத் தெரு செத்துக் கிடக்கிறது, ஏழு மணிக்கு மேல் பெண்கள் நடக்கவே பயப்படுகிறார்கள், ஒரு கட்டடத்தில் விளக்கு எரிந்து ஆள் நடமாட்டம் இருந்தால் தெருவுக்கே உயிர் வந்துவிடும் என்றாள்.

ரங்கநாதன் சிரித்தார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். "இது தெருவுக்கு வேணும்னா நான் விக்க மாட்டேன். உனக்கும் உன் ஃப்ரெண்ட்ஸுக்கும் மட்டும் வேணும்னா, வித்துடுவேன்."

அதற்குப் பிறகுதான் தாரணி வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் வேணும் என்றுதான் சொன்னார்கள். சந்திரம்மா ஒரு படி மேலே போய், தன் மகள் சுனிதாவின் வளைகாப்பையே அங்கே வைத்துக்கொள்கிறேன் என்றாள். காலையில் வளைகாப்பு, சாயங்காலம் நாடகம், இரண்டையும் ரங்கநாதன் வந்து பார்ப்பது என்று முடிவானது. திங்கட்கிழமை காலையில் பில்டருக்குப் பதில் சொல்லவேண்டும்.

நேற்று வீணாவுக்கு ஓவர்டைம். பட்டறைப் பக்கமே வரவில்லை. அந்த ஒரு நாளில் இப்படி.

தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தாரணி இறங்கி ஓடிவந்தாள். பின்னால் யுவன், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். ஐ.டி.யில் வேலை. நாடகக் குழு அவனுடையது. இரண்டு பேர் நகக்கண்ணிலும் கறுப்பு.

"எப்படிம்மா இருக்கு? சர்ப்ரைஸ்!"

"என்னடி பண்ணி வெச்சிருக்கே?"

"பிளாக் பாக்ஸ் தியேட்டர்மா. சுவர் தெரியக்கூடாது, நடிக்கிறவங்க மட்டும்தான் தெரியணும். லைட் போட்டுக் காட்டட்டுமா?"

"இன்னிக்கு வளைகாப்பு இருக்குன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும். நடுவுல சேர் போட்டு, பூவெல்லாம் கட்டினா சூப்பரா இருக்கும். பேக்கிரவுண்ட் கறுப்பா இருந்தா..." தாரணி அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்னம்மா?"

எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று வீணாவுக்குப் புரியவில்லை. தீபாவளிக்குக் கறுப்புச் சுடிதார் வேண்டும் என்று அழுத பெண்ணுக்கு அதை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். நல்ல நாளில் கறுப்பு கூடாது என்று யாரும் இவளுக்குப் பாடம் எடுக்கவில்லை. அதெல்லாம் பழைய பேச்சு என்று வீணாவே ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது அந்தப் பழைய பேச்சு முழுவதும் தட்டு, தாம்பாளத்துடன் தெருவைத் தாண்டி வரப்போகிறது.

"ஆன்ட்டி, நாங்க தப்பு எதுவும்..." என்று இழுத்தான் யுவன்.

"நீ ஃபேனைப் போடுப்பா. வாசனை முதல்ல போகட்டும்."

*

சந்திரம்மா கத்துவாள் என்றுதான் வீணா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் சமாளித்திருக்கலாம்.

இரண்டு பெண்களுடன் வந்தாள் சந்திரம்மா. ஒருத்தி கையில் கண்ணாடி வளையல் அடுக்கிய தாம்பாளம், இன்னொருத்தி கையில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும். ஒரு பெரிய கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் ஆட்களை மேய்க்கிறவள் சந்திரம்மா. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் மூலையைத்தான் பார்ப்பாள். இங்கே மூலையே தெரியவில்லை. ஷட்டர் கோட்டுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னா வீணா இது?"

"நாடகத்துக்காக அடிச்சிருக்காங்கக்கா. எனக்கே இப்பதான் தெரியும்."

"ஓஹோ."

அவ்வளவுதான். தாம்பாளம் வைத்திருந்த பெண் ஒரு காலை உள்ளே வைக்கப் போனாள். சந்திரம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

தாரணி முன்னால் வந்தாள். "ஆன்ட்டி, குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டே கறுப்புலதான வைக்கிறோம்? அந்த மாதிரி நினைச்சுக்கோங்க."

"பொட்டு வெப்பாங்க கண்ணு. மூஞ்சி பூரா பூசுவாங்களா?"

பின்னால் நின்ற பெண் சிரித்துவிட்டாள். சந்திரம்மா சிரிக்கவில்லை.

"புடவை கட்டி மறைச்சுடலாம் ஆன்ட்டி. பட்டுப் புடவையா நாலு சுவருக்கும் தொங்கவிட்டா..."

"மறைச்சா போயிடுமா? உள்ள கறுப்பு இருக்குன்னு எனக்குத் தெரியும்ல?" சந்திரம்மாவின் குரல் தாழ்ந்தது. வீணாவை மட்டும் பார்த்துச் சொன்னாள். "உனக்குத் தெரியாததா வீணா? போன தபா என்னாச்சின்னு."

வீணாவுக்குத் தெரியும். போன தடவை சுனிதாவுக்கு ஐந்தாம் மாதம் கலைந்துபோனது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூடப் போனதே வீணாதான். அன்றைக்குச் சந்திரம்மா ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, யார் கண் பட்டது, எந்த வாசலைத் தாண்டினோம், எதைச் சாப்பிட்டோம் என்று விரல்விட்டு எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷாமியானா போட்டு ரோட்டுலயே வெச்சுக்கறோம். பேஜார் பண்ணிக்காத" என்றாள் சந்திரம்மா.

ஆனால் அன்றைக்கு முகூர்த்த நாள். ஷாமியானாக்காரனுக்கு ராஜேந்திரன் போன் செய்தார். ஒரு துணிகூட இல்லை என்றான். இன்னொருவன் மடிவாளாவில் ஏதோ கல்யாணத்தில் இருந்தான். ராஜேந்திரன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, "அண்ணன் வர்ற நேரம்" என்றார். ராத்திரி முழுக்க ஆபீஸ் கேப் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

சொன்னபடியே அண்ணன் வந்தார்.

ரங்கநாதன் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் குடிபோய்ப் பல காலம் ஆகிறது. வலது கையில் இரண்டு விரல் கிடையாது. இந்தப் பட்டறையின் லேத் எடுத்துக்கொண்டது. அதனாலோ என்னவோ, இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அந்தக் கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார். இன்றைக்கும் அப்படித்தான் இறங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். வெளியே தாம்பாளத்தோடு நிற்கும் பெண்களைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"என்னம்மா தாரணி, தெரு வாசல்லயே நிக்குது போல?"

தாரணியின் முகம் சிறுத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுப் படியிலிருந்து சுனிதா இறங்கி வந்தாள். ஏழாம் மாதம். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ, வியர்த்து வழியும் முகம். செருப்புக்குள் கால் வீங்கிப் பிதுங்கியது. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேரே ஷட்டருக்கு வந்தாள்.

"எவ்ளோ நேரம்மா? உள்ள ஃபேன் ஓடுது பாரு. போய் உக்காரலாம் வா."

"அங்கேயே நில்லுடி!"

"ஏன்?" எட்டிப் பார்த்தாள் சுனிதா. அவள் கண் விரிந்தது. "ஏய் தாரு, செம்மையா இருக்குடி! ஸ்டுடியோ மாதிரி இருக்கு. என் புடவை இதுல சூப்பரா எடுக்கும். அம்மா, இங்கியே வெச்சுக்கலாம்மா."

"சுனிதா, சொல்றதைக் கேளு."

"கலர்ல என்னம்மா இருக்கு? போன தபா நம்ம வீட்டுல மஞ்சள் சுவருதான் இருந்துச்சு. என்ன ஆச்சு?"

சந்திரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹோசூர் ரோட்டில் போகும் லாரி ஹாரன் மட்டும் கேட்டது.

சுனிதா வலது காலைத் தூக்கி வைக்கத் தயாராகிவிட்டாள். ஆனாலும் திரும்பி வீணாவைப் பார்த்தாள். அழைக்கவேண்டிய இடத்துக்காரி வீணாதான். "வாம்மா" என்று ஒரு வார்த்தை வரவேண்டும், அதற்காகத்தான் நின்றாள்.

ரங்கநாதனும் வீணாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தாரணியும்.

ஒரே ஒரு வார்த்தை. சுனிதா உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் சந்திரம்மா போகாமல் இருக்கமுடியாது. சந்திரம்மா போனால் தெருவே போகும். ரங்கநாதன் பில்டருக்குக் கையெழுத்துப் போடமாட்டார். மகள் ஜெயித்துவிடுவாள். வீணாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்த வார்த்தை.

கறுப்பால் ஒன்றும் ஆகாது. அதை அவள் அநேகமாக நம்பினாள். ஆனால் பிரசவம் ஆகும்வரை சந்திரம்மா தினமும் இதையே நினைத்துக்கொண்டு படுப்பாள். குழந்தை ஒரு வேளை அசையாவிட்டால், சுனிதாவுக்குக் கொஞ்சம் வயிறு இழுத்தால், உடனே இந்தச் சுவர்தான் அவள் கண்முன் வந்து நிற்கும். ஆஸ்பத்திரி வராண்டாவில் விரல்விட்டு எண்ணிய அந்தக் கைகளை வீணா பார்த்திருக்கிறாள். அந்தக் கணக்கில் தன் வாசலையும் சேர்க்க அவளால் முடியவில்லை.

"வேண்டாம்மா சுனிதா" என்றாள். "உள்ள வேண்டாம். அம்மா சொல்றதைக் கேளு. நாற்காலியை வெளிய போடறேன்."

பின்னாலிருந்து தாரணி "அம்மா!" என்றது எல்லோருக்கும் கேட்டது.

*

வளைகாப்பு தெருவிலேயே நடந்தது. பட்டறையிலிருந்து நாற்காலிகள் வந்தன. வயரை இழுத்து ஃபேனை வெளியே வைத்தான் யுவன். எதிர்மாடியிலிருந்து பெட்ஷீட்டைக் கட்டித் தலைக்கு மேல் நிழல் போட்டார்கள். ஒரு பைக்காரன் போக வழி கேட்டு ஹாரன் அடித்தான். பெண்கள் அவனை இறக்கிவிட்டு, கையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். சுனிதாவின் கை நிறைய வளையல் ஏறியது. கன்னத்தில் சந்தனம் காய்ந்து வெடித்தது. ஆரத்தி எடுக்கும்போது யாரோ ஒருத்தி கன்னடத்தில் ஒரு பாட்டு ஆரம்பித்தாள். நடுவில் அவளுக்கு வரி மறந்துபோக, எல்லோரும் சிரித்தார்கள்.

வீணா சிரிக்கவில்லை. ஒரு பக்கம் வளையல் போடுவதும், இன்னொரு பக்கம் ரங்கநாதனின் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

ரங்கநாதன் புளிசாதம் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். கை கழுவிக்கொண்டு வீணாவைக் கூப்பிட்டார்.

"வீணா, நீ பண்ணது சரி. நான் உன் இடத்துல இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"மாமா..."

"ஆனா தெரு உள்ள வரலியே. ரோட்டுல வளைகாப்பு பண்றதுக்குப் பட்டறை எதுக்கு? ரோடு போதுமே." அவர் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் வீணாவை இன்னும் பயமுறுத்தியது. "சாயங்காலம் நாடகத்தையும் பார்த்துட்டுப் போறேன். யாரும் குறை சொல்லக்கூடாது பாரு."

பாத்திரம் ஒழிக்கும் சாக்கில் வீணா பட்டறையின் பின்பக்கம் போனாள். அங்கே தாரணி குழாயடியில் நின்று நகத்திலிருந்த கறுப்பைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தோல் போயிடும்டி."

"போகட்டும்."

"தாரணி..."

"நீ நம்பறியாம்மா அதெல்லாம்? உண்மையாச் சொல்லு."

"நம்பறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. சந்திரம்மாக்கா நம்பறாங்க. அது தெரியும்."

"அப்போ நான்? நான் இதை நம்பறேனே. இந்த இடத்தை. அது உனக்குத் தெரியலையா?"

வீணா குழாயை மூடினாள். தாரணி கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். கறுப்புக்குள் நுழைந்ததும் அவள் சுடிதார் மட்டும் கொஞ்சநேரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

*

சாயங்காலம் கோரமங்களாவிலிருந்தும் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்தும் யுவனின் நண்பர்கள் வந்தார்கள். கையில் ஹெல்மெட், தோளில் துணிப்பை. "வாவ்" என்று சுவரைத் தடவிப் பார்த்தார்கள். ஷூவோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். வீணாவுக்கு வணக்கம் சொன்னார்கள். தெரு ஆள் ஒருவர்கூட இல்லை.

ரங்கநாதன் டீக்கடை ஓரமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் காட்சியே போதும் என்று வீணாவுக்குத் தெரிந்தது.

யுவன் வந்து மெல்லக் கேட்டான். "ஆன்ட்டி, ஆரம்பிக்கலாமா?"

"கொஞ்சம் இருப்பா."

"ஏற்கெனவே நேரமாயிடுச்சு."

"கொஞ்சம் இரு" என்றாள். எதற்கு இருக்கச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஷட்டருக்குக் கீழே நின்று எதிர்வீட்டைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். போய்க் கூப்பிடலாம். ஆனால் காலையில் அப்படிச் செய்துவிட்டு, அதற்குக் கூலி கேட்கிறமாதிரி இப்போது போய் நிற்பதா?

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

சந்திரம்மா முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் காலையில் தாம்பாளம் தூக்கியவள். அவளுக்குப் பின்னால் மாடி வீட்டுச் சாந்தகுமாரி. இஸ்திரிக் கடைக்காரி. இன்னும் நாலைந்து பேர். சுனிதா வரவில்லை.

"அவ புருஷன் கூட இருக்கான்" என்றாள் சந்திரம்மா, வீணா கேட்பதற்கு முன்பே. "அவ உள்ள வரவேணாம். நான் வருவேன். நான் பெத்து முடிச்சவ, என்னை என்னா பண்ணும் இந்தக் கறுப்பு?"

"அக்கா..."

"சும்னே மரம் மாதிரி நிக்காத. எங்க உக்காரணும், சொல்லு."

வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஷூவோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து போய் ஷூவைக் கழற்றினான். பிறகு எல்லோரும் போனார்கள். அந்த இடைவெளியில் சாந்தகுமாரி முன்வரிசையைப் பிடித்துவிட்டாள்.

ரங்கநாதன் டீ கிளாஸை வைத்துவிட்டு வந்து கடைசியில் உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. வீணா ஓர் ஓரமாக இருந்தாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியாத இருட்டு. பிறகு மேலேயிருந்து ஒரே ஒரு வெளிச்சம் விழுந்தது. அதில் தாரணி, இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு. தண்ணீர் டேங்கருக்குக் காத்திருக்கும் ஒரு பெண். அவ்வளவுதான் நாடகம்.

வரிசையில் முன்னால் இருப்பவளோடு சண்டை, டேங்கர்காரனுக்கு போன், வீட்டில் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால். தாரணி ஒருத்தியே எல்லோருமாகப் பேசினாள்.

"'பக்கத்துத் தெருல இருக்கேன்'னு அவன் சொன்னா நம்பாத கண்ணு!" என்று முன்வரிசையிலிருந்து சாந்தகுமாரி சத்தம் போட்டாள். "ஒசூர்ல இருப்பான்!"

இருட்டே குலுங்கியது. தாரணி ஒரு கணம் தடுமாறினாள். பிறகு அந்தக் குரலின் பக்கம் திரும்பி, "நீங்க எனக்கு முன்னாடியா பின்னாடியா நின்னீங்க?" என்று கேட்டாள். "முன்னாடிதான்!" என்று நாலு குரல் எழுந்தது.

வீணாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தாரணி குடத்தைக் கீழே வைத்து, இடுப்பில் புறங்கையை ஊன்றி, உதட்டுக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தாள். வீணாவின் சிரிப்பு நின்றது. அது அவள் நிற்கிற விதம். தண்ணீர் வரிசையில், பஸ் ஸ்டாப்பில், அடுப்பங்கரை ஜன்னலோரம் அவள் இப்படித்தான் நிற்பாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நின்ற நிலையெல்லாம் இந்தப் பெண் பார்த்திருக்கிறாள்.

கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கை தூக்கினாள். யாருக்கும் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. கையை மடியில் போட்டாள். நீர் தன் பாட்டுக்கு வழிந்தது. வீட்டில் அழுதால் ராஜேந்திரன் "இப்ப என்ன ஆச்சு?" என்பார். கார்மென்ட்ஸில் அழுதால் முழு லைனும் நின்று பார்க்கும். பாத்ரூமில் அழுதால் குழாயைத் திறந்துவிட வேண்டும். இங்கே எதுவும் வேண்டியிருக்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், மூச்சு கேட்டது, ஆனால் ஒரு கண்கூட அவள்மேல் இல்லை. சுவர்கள்கூட அவளைப் பார்க்கவில்லை. இப்படி ஓர் இடத்தில் அவள் இதுவரை உட்கார்ந்ததே இல்லை.

டேங்கர் வந்ததா இல்லையா என்பதை அவள் கவனிக்கவே இல்லை.

*

டியூப்லைட் எரிந்ததும் முகத்தை முந்தானையால் அவசரமாக ஒற்றிக்கொண்டாள். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. சந்திரம்மா தாரணியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி எடுத்தாள்.

ரங்கநாதன் எழுந்து நடுவில் வந்தார். கை பாக்கெட்டில்.

"சந்திரம்மா, உன்னையே கேக்கறேன். இது தெருவுக்கு வேணுமா?"

"வேணும் ரங்கண்ணா. இல்லாட்டி நாங்க ஏன் வந்து குந்தறோம்? பொட்டைப் புள்ளைங்க டியூஷன் முடிஞ்சு வர்ற நேரத்துக்கு இங்க லைட்டு எரிஞ்சா எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா?" அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா இந்தக் கறுப்பு வேணாம்ணா. வெள்ளையோ மஞ்சளோ அடிச்சுக் குடுங்க. சுனிதா குழந்தைக்குத் தொட்டில் இங்கதான் போடுவேன். சாந்தகுமாரி பேத்திக்குச் சடங்கு இங்கதான். இன்னா சொல்றே?"

"ஆமா ஆமா" என்றாள் சாந்தகுமாரி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

ரங்கநாதன் மூச்சு விட்டார். தோற்றுப்போனவர் முகமாக இல்லை அது. பாரம் இறங்கியவர் முகம். "அப்ப முடிஞ்சது. வெள்ளை அடிச்சுடுங்க. நான் விக்கல."

ராஜேந்திரன் ஆச்சரியத்தோடு அண்ணனைப் பார்த்தார். யாரோ ஒருவன் விசில் அடித்தான்.

யுவன் தொண்டையைச் செருமினான். "சார், நான் குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. வெள்ளை அடிச்சா எங்களால இங்க போடமுடியாது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் திருப்பி அடிக்கும். நாங்க வேற இடம்தான் பார்க்கணும்."

"வேற இடத்துல போட்டுக்கோங்க தம்பி. மீதி நாள்ல தெரு வெச்சுக்கும்."

தாரணி கீழே இருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வெளிச்சம் விழுந்த அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன வீணா, திங்கட்கிழமையே ஆளை வெச்சு அடிச்சுடலாமா?" என்றார் ரங்கநாதன்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் யாரும் பார்க்காமல் இருந்த முகம்.

'சரி மாமா' என்பதுதான் பதில். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த மனிதர் எதைக் கேட்டாலும் அவள் சொன்னது அதுதான். இன்றைக்கு அதைச் சொல்வதில் கஷ்டமே இல்லை. பட்டறை விற்காது. தெரு உள்ளே வரும். காலையிலிருந்து பட்ட கவலையெல்லாம் தீர்ந்துவிடும்.

வாயைத் திறந்தாள். சுவர் கண்ணில் பட்டது.

"யோசிச்சுச் சொல்றேன் மாமா."

ரங்கநாதன், காதில் சரியாக விழவில்லை என்பது போலத் தலையைச் சாய்த்தார். "யோசிக்க என்ன இருக்கு?"

"தெரியல. ஆனா யோசிக்கணும்."

"வீணா?" சந்திரம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "காலையில என் பொண்ணை வாசல்ல நிறுத்தினது நீதானே? அப்ப உனக்கும் இது கறுப்புன்னுதான தோணுச்சு? இப்ப என்னா ஆச்சு?"

இருட்டில் அழுதேன், நன்றாக இருந்தது என்று இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? பேரப்பிள்ளைக்குத் தொட்டில் போட இடம் கேட்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

சந்திரம்மா கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"நாளைக்குக் காலையில பில்டர் வருவான். எனக்கு ஒரு பதில் வேணும்" என்றார் ரங்கநாதன். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து, மிச்சமிருந்த விரல்களால் தம்பியின் தோளைத் தொட்டார். "உன் பொண்டாட்டிக்கு என்னடா ஆச்சு?"

ராஜேந்திரன் அண்ணனோடு வாசல்வரை நடந்தார்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தாரணி மட்டும் நகரவில்லை. குடம் இன்னும் அவள் இடுப்பில் இருந்தது. இதுவரை அறிமுகமே இல்லாத ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல அவள் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.